244 எப்படி வந்தது? கல்வி ஆய்வில் ‘வாய்விட்டுச் சிந்தித்தல்’ முறைக்கு இடம் வேண்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களின் கற்றல் அடைவு பற்றிய செய்திகளும் அவற்றையொட்டிய வாசகர் கடிதங்களும் தங்கள் நாளிதழில் தொடர்ந்து வெளிவருகின்றன. எந்த வகுப்பில் எத்தனை விழுக்காட்டினருக்குக் கழித்தல் வரவில்லை, எத்தனை பேரால் பத்தியைப் படிக்க முடியவில்லை என்ற எண்களை வைத்துக்கொண்டு ஒருவர் அரசுப் பள்ளியைச் சாடுகிறார், இன்னொருவர் ஆசிரியர்களுக்காகப் பரிந்து பேசுகிறார். ஆசிரியர் கல்வியில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இந்த வாதத்தில் எந்தப் பக்கத்திலும் சேர எனக்கு விருப்பமில்லை. கழித்தல் வராத பிள்ளை அந்தக் கணக்கைப் போடும்போது அதன் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை நம் கல்வியியல் ஆய்வுகள் ஏன் கேட்டுப் பார்ப்பதில்லை என்பதே என் கேள்வி.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற பிறகு, எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு வாரத்தில் இரண்டு நாள் போய் வந்தேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பன்னிரண்டு கழித்தல் கணக்குகளில் நான்கைத் தவறாகப் போட்டிருந்தாள். அவற்றில் ஒன்று 503-இலிருந்து 267-ஐக் கழிப்பது. விடை 236 வரவேண்டும். அவள் எழுதியிருந்தது 244. வகுப்பாசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு ‘கவனம் தேவை’ என்று எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முப்பத்தெட்டு நோட்டுகளைத் திருத்துகிறவர் வேறு என்ன எழுத முடியும்? நான் அவளிடம் புதுத் தாளில் அதே கணக்கைக் கொடுத்து, மனத்தில் தோன்றுவதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே போடச் சொன்னேன். அவள் சொன்னது இதுதான்: “மூணுலேருந்து ஏழு போவாது. பக்கத்துல கடன் வாங்கணும். பக்கத்துல சைபரு… அதுகிட்டயே ஒண்ணும் இல்ல, அது எப்புடி நமக்குத் தரும்? அப்ப ஏழுலேருந்து மூணு… நாலு. சைபர்லேருந்து ஆறு போவாது. பக்கத்துல அஞ்சு இருக்கு. அதுகிட்ட ஒண்ணு வாங்குனா பத்து. பத்துல ஆறு போனா நாலு. அங்க மிச்சம் நாலு, அதுல ரெண்டு போனா ரெண்டு.”

இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? கடன் வாங்கிக் கழித்தல் அவளுக்கு நன்றாகத் தெரியும். 642-இலிருந்து 275-ஐ அவள் சரியாகவே கழித்திருந்தாள். அவள் இடறிய நான்கு கணக்குகளிலும் மேல் வரிசையின் நடுவில் பூச்சியம் இருந்தது. கையில் காசில்லாதவரிடம் கடன் கேட்க முடியாது என்பது அவள் வீட்டில் அன்றாடம் காணும் உண்மை. ‘கடன்’ என்ற நம் வகுப்பறைச் சொல்லை அவள் சொல்லுக்குச் சொல் நம்பியிருக்கிறாள். அடுத்த வாரம் கடன் என்ற பேச்சையே விட்டுவிட்டு, ஐந்து நூறு ரூபாய்த் தாள்களையும் மூன்று ஒற்றை ரூபாய்களையும் மேசைமேல் வைத்து, இதிலிருந்து 267 ரூபாய் எடுத்துக் கொடு என்றேன். “நூறு ரூவாய மாத்தணும் சார்” என்றாள். நூறைப் பத்துப் பத்து ரூபாய்களாக்கி, அதில் ஒன்றை ஒற்றை ரூபாய்களாக்கி, 236 மிச்சம் என்று எண்ணிச் சொன்னாள். இந்த ஒரு சிறுமியை வைத்து மாநிலத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் விடைத்தாளை மட்டும் ஆயிரம் முறை புரட்டினாலும் ‘சைபர் எப்படித் தரும்’ என்ற அந்த வாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது.

வாய்விட்டுச் சிந்திக்க வைக்கும் இந்த முறை புதிதன்று. ஜெர்மானிய உளவியலாளர் கார்ல் டுங்கர் 1935-இல் வெளியிட்ட சிக்கல் தீர்த்தல் ஆய்வில், தம் முன் அமர்ந்தவர்களை மனத்துக்குள் எட்டிப் பார்த்து அறிக்கை தரும்படி கேட்கவில்லை. வேலையைச் செய்துகொண்டே தோன்றுவதைச் சொல்லும்படிதான் கேட்டார். சதுரங்க வீரர்கள் அடுத்த நகர்வை எப்படித் தேர்கிறார்கள் என்று நெதர்லாந்தின் அட்ரியான் டி குரூட் ஆராய்ந்ததும் இவ்வழியில்தான். பின்னர் 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனும் சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் எரிக்சனும் 1980-இல் ஒரு கட்டுரையாகவும் 1984-இல் நூலாகவும் இதற்கு இலக்கணம் வகுத்தார்கள். வாய்ச்சொல்லையும் ஆய்வுத் தரவாகக் கொள்ளலாம், ஆனால் எந்தச் சூழலில், எப்படிக் கேட்டால் கொள்ளலாம் என்பதற்கு அவர்கள் வகுத்த வரையறைகள்தான் இன்றும் அடிப்படை.

அந்த வரையறைகளில் நம்மவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது ஒன்று உண்டு. ‘தோன்றுவதைச் சொல்’ என்று கேட்பதும் ‘ஏன் அப்படிச் செய்தாய், விளக்கு’ என்று கேட்பதும் ஒன்றல்ல. முதலாவதில் பிள்ளை தன் போக்கில் கணக்கைப் போடுகிறது, நாம் காது கொடுக்கிறோம். இரண்டாவதில் பிள்ளை கணக்கை நிறுத்திவிட்டு, நமக்கு ஏற்ற ஒரு காரணத்தைத் தேடத் தொடங்குகிறது. இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படித்திருந்தும் அந்தப் பள்ளியில் முதல் நாளே மீறினேன். ஒரு பையன் சரியான விடையை எழுதிக்கொண்டிருந்தபோது ஆர்வக்கோளாறில் “ஏம்பா அங்க எட்டு போட்ட?” என்று கேட்டுவிட்டேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். மறுபேச்சில்லாமல் ரப்பரை எடுத்து எட்டை அழித்தான். நம் வகுப்பறைகளில் ‘ஏன்’ என்பது கேள்வியில்லை, கண்டிப்பு. அன்று அவனிடமிருந்து வேறு எதையும் பெற முடியவில்லை.

இது என் தனிப்பட்ட அனுபவம் மட்டுமன்று. 94 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து மார்க் ஃபாக்ஸ், எரிக்சன் முதலியோர் 2011-இல் வெளியிட்ட பகுப்பாய்வு, தோன்றுவதை மட்டும் சொல்லும்படி கேட்டால் செயல்திறன் மாறுவதில்லை, சற்றுக் கூடுதல் நேரம் மட்டும் பிடிக்கிறது என்றும், விளக்கம் கேட்டால் செயல்திறனே மாறிவிடுகிறது என்றும் காட்டியது. விளக்கச் சொன்னால் பிள்ளைகள் நன்றாகக் கற்கிறார்கள் என்பதும் உண்மைதான். மிக்கிலின் சீ என்பவரின் ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. ஆனால் அது கற்பித்தலுக்கான உத்தி. கற்றலை உள்ளபடி அறிய வந்த ஆய்வாளர் அதையே கையாண்டால், வெப்பமானியைத் தேய்த்துவிட்டுக் காய்ச்சல் பார்த்த கதையாகிவிடும்.

ஆகவே செய்முறை எளிதாகத் தோன்றினாலும் பழக்கம் வேண்டும். முதலில் பிள்ளைக்குப் பயிற்சி தர வேண்டும். எரிக்சனும் சைமனும் 24-ஐ 36-ஆல் பெருக்குவது, பெற்றோர் வீட்டில் எத்தனை சன்னல்கள் என்று மனத்தில் எண்ணிப் பார்ப்பது போன்ற சிறு வேலைகளைக் கொடுத்து வாயைப் பழக்கினார்கள். சன்னல் எண்ணும் வேலை நம் பிள்ளைகளுக்கும் மிகவும் பிடிக்கிறது. சமையலறையில் தொடங்கி மாடிப்படி வரை நடந்துகொண்டே சொல்வார்கள், கையும் கூடவே நடக்கும். ஆய்வாளர் பிள்ளைக்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி உட்கார வேண்டும். பிள்ளை மௌனமானால் ‘சொல்லிக்கிட்டே போடு’ என்ற ஒரு தொடருக்கு மேல் பேசக் கூடாது. ‘சரி’, ‘நல்லது’ என்று சொல்வதும், ஏன், தலையாட்டுவதும்கூடத் தப்பு. வாழ்நாளெல்லாம் ஆசிரியராக இருந்தவருக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்பதைச் செய்து பார்த்தவர்களே அறிவார்கள்.

இப்போது நம் ஆய்வேடுகளுக்கு வருகிறேன். எம்.எட். ஆய்வேடுகளை நான் வழிகாட்டியாகவும் தேர்வாளராகவும் ஏராளமாகப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: ஏதேனும் ஒரு மனப்பான்மை, ஏதேனும் ஒரு வகுப்பு, முந்நூறு மாணவர்கள், ஐந்து புள்ளி அளவுகோல், ஆண் பெண் வேறுபாடு, நகரம் கிராமம் வேறுபாடு, இறுதியில், இரு குழுக்களின் சராசரி வேறுபாட்டைச் சோதிக்கும் ‘டி’ மதிப்பு என்ற ஒரு புள்ளியியல் எண். என் மாணவி ஒருவர் ஏழாம் வகுப்பு மாணவர்கள் பன்னிரண்டு பேர் வாழ்வியல் கணக்குகளைப் படித்து எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை வாய்விட்டுச் சிந்தித்தல் முறையில் ஆராய விரும்பினார். ஆய்வுத் தலைப்பைப் பரிசீலித்த குழு, பன்னிரண்டு பேர் ஆய்வுக்குப் போதுமான மாதிரி ஆவார்களா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியது. வேறு வழியின்றி அவர் முந்நூறு மாணவர்களுக்குக் கணித ஆர்வம் பற்றிய வினாநிரலைக் கொடுத்தார். ‘கணிதம் எனக்கு மிகவும் பிடிக்கும்’ என்ற கூற்றுக்கு, கணித ஆசிரியர் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருக்க, ஏறக்குறைய எல்லாரும் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்று குறியிட்டார்கள். பட்டம் கிடைத்தது. கணக்கைப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்ற அவருடைய கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

சிறு எண்ணிக்கையில் செய்த ஆய்வுகள் என்ன சாதிக்கும் என்று கேட்போருக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். ஸ்டான்லி எர்ல்வாங்கர் 1973-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு ஒரே ஒரு மாணவனைப் பற்றியது. ஆறாம் வகுப்பில் படித்த பன்னிரண்டு வயது ‘பென்னி’, தானாகப் படித்துத் தானாகத் தேர்வெழுதி முன்னேறும் ஒரு பாடத்திட்டத்தில் முன்னணி மாணவன். உட்காரவைத்துப் பேசவிட்டபோதுதான் தெரிந்தது, பத்தில் இரண்டு என்ற பின்னத்தைத் தசமத்தில் எழுதச் சொன்னால் மேலெண்ணையும் கீழெண்ணையும் கூட்டி, இடையில் புள்ளி வைத்து 1.2 என்று அவன் எழுதிவந்தது. கணிதம் என்பது யாரோ எழுதிவைத்த விதிகளுக்கு இணங்க விடைத்தாளில் உள்ளதைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு என்று அவன் முடிவுகட்டியிருந்தான். தேர்வில் எண்பது விழுக்காடு எடுத்தால் மேலே போகலாம் என்று வைத்திருந்த அந்தத் திட்டத்தின் ஓட்டையை எந்தப் பெரிய மாதிரியும் காட்டவில்லை. பென்னியின் வாய் காட்டியது.

மற்றொன்று வரலாற்றுப் பாடம் பற்றியது. சாம் வைன்பர்க் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் எட்டு வரலாற்றாளர்களும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களும், அமெரிக்க விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த, 1775-இல் நடந்த லெக்சிங்டன் சண்டை குறித்த ஆவணங்களை வாய்விட்டுச் சிந்தித்தபடியே படித்தார்கள். மாணவர்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துக்கொண்டே போனார்கள். வரலாற்றாளர்களோ, தம் துறை அமெரிக்க வரலாறு அல்லாதவர்கள்கூட, ஆவணத்தைக் கையில் வாங்கியதும் இதை எழுதியது யார், எப்போது, யாருக்காக என்று அடியில் தேடினார்கள். எந்த ஆவணத்தை அதிகம் நம்பலாம் என்று கேட்டபோது மாணவர்கள் பாடநூல் பகுதிக்கு முதலிடம் தந்தார்கள். வரலாற்றாளர்கள் அதைக் கீழே தள்ளினார்கள். பதினாறு பேரின் பேச்சிலிருந்து கிடைத்த இந்த வேறுபாடு, அதன்பின் வரலாறு கற்பித்தல் பற்றிய சிந்தனையையே மாற்றியது. மதிப்பெண் பட்டியலில் இந்த வேறுபாடு தலைகாட்டியிருக்காது.

தமிழில் இம்முறையைக் கையாளும்போது நமக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. என் பார்வையில் ஆய்வுக்கு மிக வளமான இடமும் அதுவே. வினா எழுத்துத் தமிழில் இருக்கிறது, பிள்ளை பேச்சுத் தமிழில் சிந்திக்கிறது. ‘ராணியிடம் 35 புளியங்கொட்டைகள் உள்ளன. இது மாலாவிடம் உள்ளதைவிட 12 அதிகம். மாலாவிடம் உள்ளவை எத்தனை?’ என்ற வினாவைக் கொடுத்தபோது நான் கேட்ட ஒன்பது பேரில் ஆறு பேர் 47 என்றார்கள். விடை 23. ஒரு பையன் வினாவை முழுதும் தடையில்லாமல் படித்துவிட்டு, “மாலாகிட்ட பன்னெண்டு ஜாஸ்தி, அப்ப கூட்டணும்” என்றான். ‘இது’ என்ற சுட்டு எதைச் சுட்டுகிறது என்பதில்தான் அவன் வழுக்கினான். கூட்டல் கழித்தலில் அவனுக்குக் குறையே இல்லை. ஆஸ்திரேலியாவின் ஆன் நியூமன் 1977-இலேயே, பிள்ளையை வினாவைப் படிக்கச் சொல்லி, என்ன கேட்கிறது என்று சொல்லச் சொல்லி, எப்படிப் போடுவாய் என்று கேட்டு, போட்டுக் காட்டச் சொல்லி, விடையை எழுதச் சொல்லிப் படிப்படியாகப் பார்த்தால், தவறுகளில் கணிசமான பங்கு கணக்கைத் தொடுவதற்கு முன்பே நேர்ந்துவிடுவதைக் காட்டியிருக்கிறார். அவருடையது இடையிடையே கேள்வி கேட்கும் நேர்காணல் முறை. வாய்விட்டுச் சிந்தித்தலோடு கலந்துவிடக் கூடாது. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும்.

இங்கே ஆய்வு மாணவர்கள் செய்யும் ஒரு தவற்றைக் குறிப்பிட்டாக வேண்டும். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும்போது பிள்ளையின் பேச்சை நல்ல தமிழாக்கிவிடுகிறார்கள். ‘போவாது’ என்பது ‘கழிக்க இயலாது’ என்றாகிறது. நான்கு நொடி மௌனமும் ‘ம்…’ என்ற முனகலும் தாளில் ஏறுவதே இல்லை. அந்தச் சிறுமி ‘சைபரு’ என்று சொன்னதற்கும் அடுத்த வாக்கியத்துக்கும் இடையே இருந்த நீண்ட இடைவெளியில்தான் அவளுடைய சிந்தனை திசை திரும்பியது. ஆய்வேடு தூய தமிழில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை; ஆனால் பிள்ளையின் பேச்சு ஆய்வேட்டின் நடை அன்று, அதன் தரவு. நிறுத்தம், திருத்தம், பாதியில் விட்ட சொல் எல்லாவற்றோடும் அது அப்படியே பதிவாக வேண்டும்.

இம்முறையின் குறைகளை மறைத்துப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. மனிதர்கள் தம் செயலுக்குக் கூறும் காரணம் பல நேரங்களில் உண்மைக் காரணமாக இருப்பதில்லை என்பதை ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமதி வில்சனும் 1977-இல் எழுதிய கட்டுரை அழுத்தமாகக் காட்டியது. ஒரே மாதிரியான நான்கு காலுறைகளை வரிசையாக வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது வலக்கோடியில் இருந்ததைப் பலர் தேர்ந்தார்கள். காரணம் கேட்டபோது ஒருவரும் இடத்தைச் சொல்லவில்லை, நெசவையும் தரத்தையும் சொன்னார்கள். செயல் முடிந்த பின் காரணம் கேட்பதைவிட, செயல் நடக்கும்போதே தோன்றுவதைக் கேட்பது மேல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனாலும் கைபழகி ஓடும் செயல்கள் வாய்க்கு வருவதில்லை. சரளமாகப் படிக்கும் பிள்ளையிடம் எழுத்தை எப்படிக் கூட்டினாய் என்று கேட்டுப் பயனில்லை. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் நான் எடுத்த பதிவுகளில் பாதிக்கு மேல் வெறும் மௌனம்.

இதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது ஹீஜங் கிம் 2002-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் படிக்கும் கிழக்காசிய மரபு மாணவர்கள் வாய்விட்டுச் சிந்தித்தபோது அவர்களுடைய செயல்திறன் குறைந்தது. ஐரோப்பிய மரபு மாணவர்களுக்கு அப்படி நேரவில்லை. பேச்சையும் சிந்தனையையும் பிணைத்துப் பார்ப்பது எல்லா ஊருக்கும் பொதுவான பழக்கமன்று என்று அவர் வாதிட்டார். ‘வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு’ என்று வளர்க்கப்படும் நம் பிள்ளைகளுக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பது நம் பல்கலைக்கழகங்கள் ஆராய வேண்டிய முதல்தரக் கேள்வி. ஒரே பிள்ளைக்கு ஒத்த தரமுள்ள கணக்குகளில் பாதியை மௌனமாகவும் பாதியை வாய்விட்டும் கொடுத்து ஒப்பிட்டாலே ஒரு நல்ல ஆய்வேடு கிடைக்கும்.

நாட்டுப்புறப் பிள்ளைகளின் படிக்கும் திறனையும் கணக்குத் திறனையும் வீடு வீடாகச் சென்று அளக்கும் ‘ஏசர்’ ஆய்வில் 2005 முதல் தன்னார்வலர்கள் வீட்டு வாசலில் பிள்ளையின் எதிரே உட்கார்ந்து படிக்கச் சொல்லியும் கழிக்கச் சொல்லியும் பார்க்கிறார்கள். அந்த அமைப்பில் ஒருவருக்கொருவர் என்ற நெருக்கம் இருக்கிறது. ஆனால் அதன் நோக்கம் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று குறிப்பது; அங்கே ஏன் நிற்கிறது என்பது அதன் வேலையன்று. அந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் கல்வியியல் கல்லூரிகளும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களும்தான். செலவு பெரிதில்லை. கைப்பேசியின் ஒலிப்பதிவே போதும். காலம்தான் செலவாகும்: பத்து நிமிடப் பேச்சைக் கேட்டு எழுத எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எழுதியதைக் கூறுகூறாகப் பிரித்து வகைப்படுத்தும் வேலையை ஒருவரையொருவர் கலக்காமல் இருவர் செய்து, எங்கே ஒத்துப்போகிறார்கள் என்று பார்க்கவும் வேண்டும். பெற்றோரின் ஒப்புதலைக் கையெழுத்தோடு பெற வேண்டும். பிள்ளை போதும் என்றால் பதிவை நிறுத்த வேண்டும். தலைமையாசிரியர் அந்த அறையில் இருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதை நடைமுறைப்படுத்துவதுதான் கடினம். விருந்தினர் வந்திருக்கும்போது பக்கத்தில் நிற்காவிட்டால் மரியாதைக் குறைவு என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

ஆய்வுத் தலைப்புகளைப் பரிசீலிக்கும் குழுக்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. எண்களைவிடப் பேச்சையும் செயலையும் ஆழ்ந்து பார்க்கும் பண்புசார் ஆய்வுகளுக்கு மாதிரியின் எண்ணிக்கையைக் கேட்காமல், ஒவ்வொருவரிடமிருந்தும் எவ்வளவு நேரப் பதிவு, எப்படி எழுதப்படும், யார் வகைப்படுத்துவார்கள் என்று கேளுங்கள். எம்.எட். ஆய்வுமுறைத் தாளில் புள்ளியியலுக்கு ஒதுக்கும் செய்முறை நேரத்தில் ஒரு பகுதியை, ஒவ்வொரு மாணவரும் ஒரு பிள்ளையின் அருகில் உட்கார்ந்து இருபது நிமிடம் வாயைத் திறக்காமல் கேட்டு, கேட்டதை எழுதிக் கொண்டுவருவதற்கு ஒதுக்குங்கள். அன்று திருப்பி அனுப்பப்பட்ட என் மாணவி இப்போது ஒரு நடுநிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. தம் வகுப்பில் நான்கு பிள்ளைகளிடம் இதைச் செய்துபார்த்த எழுத்துப்படிகளைச் சென்ற மாதம் எனக்கு அனுப்பியிருந்தார். அவற்றில் ஒன்றில், பூச்சியத்திடம் கடன் கேட்கத் தயங்கிய இன்னொரு பிள்ளையும் இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கல்வியியல் பேராசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.